கையில் ஒன்று, காற்றில் மீதி

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் சைக்கிளை ஷெட்டின் வாசலில் சாத்திவிட்டு, தோளிலிருந்து பையைக்கூட இறக்காமல், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். ஜக்கிள். அர்த்தத்தை எழுதி, அதை வைத்து ஐந்து வாக்கியமும் எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். வீட்டில் எழுதுகிற ஆள் என்று ஒருவர் இருந்தால் இந்த மாதிரி வேலையெல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும். நான் அப்போது சூளையிலிருந்து வந்த பிள்ளையார் பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் தூரிகையை எடுக்க முடியாது. பாதிக் கண்ணில் விட்டால் பிள்ளையார் மதியச் சாப்பாடு முடித்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

பந்துகளை மேலே போட்டுப் போட்டுப் பிடிக்கிறது என்று சொன்னேன். அது எனக்கே தெரியும், ரெண்டாவது அர்த்தம்தான் வேணும் என்றாள். செல்போனைத் தட்டி அவளே வாசித்தாள். ஒரே சமயத்தில் பல காரியங்களைக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுதல். வாசித்துவிட்டு, ஷெட்டின் மறுகோடியைப் பார்த்தாள்.

"இது அம்மா பண்றதுதானப்பா?"

மறுகோடியில் என் மனைவி அச்சுகளில் மண்பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கியபடி, கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குவளை. இன்னொரு கையின் புறங்கையால், காய்ந்துகொண்டிருந்த குருவிப் பொம்மைகளின் பலகையைச் சுவர் ஓரமாக நகர்த்தினாள். பேச்சு முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "என்னைய ஏன் இழுக்கிறீங்க? யாராவது ஒருத்தரு வூட்டுக்குப் போயி கொழாயில தண்ணி வருதான்னு பாருங்க." நான்தான் போனேன். தண்ணீர் வந்து, தொட்டி நிரம்பி, வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல் அன்றைக்கு என்னோடு கூடவே வந்தது. எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு சொல் சிக்கினால் அதை நாக்கிலேயே போட்டு உருட்டிக்கொண்டு ஜங்ஷன்வரை நடந்துபோய்விட்டு வருவேன். எங்கள் ஊரில் யாரும் ஜக்கிள் செய்வதில்லை. சமாளிக்கிறார்கள். சமாளிக்க வராதவர்கள் அல்லாடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒப்பேற்றுவது என்று ஒன்று இருக்கிறது. டீக்கடையில் ஒருவரைப் பார்த்து எப்படிப் போகுது என்று கேட்டுப் பாருங்கள். 'ஓடுது' என்கிறவர் சமாளிக்கிறவர். 'ஏதோ ஓடுது' என்கிறவர் ஒப்பேற்றுகிறவர். பதில் சொல்லாமல் டீயை ஊதுகிறவர் அல்லாடிக்கொண்டிருக்கிறார், அவரிடம் மேற்கொண்டு கேட்கக்கூடாது. மகளின் ஐந்து வாக்கியங்களில் நான்கு அவள் அம்மாவைப் பற்றியே இருந்தன. ஐந்தாவது சர்க்கஸ்காரரைப் பற்றியது. என்னைப் பற்றி ஒன்றும் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அதுவரை நான் எதையும் காற்றில் வைத்திருந்தவன் அல்ல. ஒரு தூரிகை, ஒரு தாள், ஒரு டீ. ஒவ்வொன்றாகத்தான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி விளங்கும். தொழிற்பேட்டையில் வரிசையாக நிற்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகளில் ஒன்று எங்களுடையது. பீங்கான் பொம்மை வார்க்கிறோம். வார்ப்பது மனைவி, கண்ணும் வண்ணமும் நான். பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரால் இறுக்கிக் கட்டி, தலைகீழாக நிறுத்தி, அதன் வாயில் மண்பாலை ஊற்ற வேண்டும். மண்பால் என்றால் களிமண்ணும் வெள்ளைக்கல் மாவும் கரைந்த குழம்பு. அச்சு அதிலிருக்கிற தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க மண் உள்பக்கமாகத் தோல்போலப் படியும். தோல் போதுமான கனத்துக்கு வந்தவுடன் அச்சைக் கவிழ்த்து மீதிப் பாலை வாளியில் வடித்துவிட வேண்டும். முந்திக் கவிழ்த்தால் பொம்மை குழைந்து உட்கார்ந்துவிடும். பிந்தினால் தோல் தடித்து, சூளைக்குள் போய் வெடிக்கும். ஒரு பொம்மை வெடித்தால் பக்கத்தில் இருக்கிற நாலு பொம்மைக்கும் காயம்.

குருவிக்கு அவசரம், சீக்கிரமே வடிக்கச் சொல்லும். பிள்ளையார் கொஞ்சம் பொறுப்பார். யானை நிதானம். மனைவி யானையில் தொடங்குவாள். அப்புறம் பிள்ளையார், கடைசியில் குருவிகள். கடைசிக் குருவிக்கு ஊற்றி நிமிரும்போது முதல் குருவி தயாராக இருக்கும். குருவிகளை வடித்து முடிக்கையில் பிள்ளையார் கூப்பிடுவார். அந்த வரிசையின் இடைவெளிகளில்தான் எங்கள் குடும்பம் முழுக்க நடந்தது. பருப்பு வெந்தது, சீருடை காய்ந்தது, சிலிண்டர் வந்தது, மகளுக்குத் தலை பின்னப்பட்டது, நான் கவிதை எழுதினேன். அந்த இடைவெளிகள் தானாக அமைந்தவை என்றே நினைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். என் கடைவாய்ப் பல்லுக்கு உறை மாட்டப் போனபோது மனைவி துணைக்கு வந்தாள். டாக்டர் அந்த உறையை ஒரு சின்ன டப்பியிலிருந்து எடுத்தார். அரிசிப் பொரி அளவுக்கு ஒரு பீங்கான் பல். மனைவி கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், நான் வாயைத் திறந்தபடியே நாற்காலியில் கிடந்தேன். இதை யார் செய்வது, எங்கே சுடுவது, பொம்பளைங்க அங்கே வேலை பார்க்கிறாங்களா என்று கேட்டாள். அவள் கேட்ட மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்று டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது, எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

அவர் தன் மாடியில் சின்னதாக ஒரு பல் லேப் போட நினைத்திருந்தார். விரல் பழகிய ஆள் வேண்டும். பாண்டிச்சேரியில் அவருக்குத் தெரிந்த ஒரு லேபில் மூன்று மாதம் பயிற்சி கொடுப்பார்கள், தங்குவதற்கு லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது. கடைசியில் ஒரு தேர்வு. ஒரு பல்லை மெழுகிலிருந்து மினுக்கல்வரை பெரியவர்கள் முன்னால் தானே செய்து காட்ட வேண்டும். நடுவில் விட்டால் இடம் போய்விடும். திட்டக்குடியிலிருந்து ஒருவர் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். மிரட்டலாக இல்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும் வழியில், ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் மனைவி, இதையெல்லாம் மூன்று மாதம் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டாள். நான் என்றேன்.

"நீங்களா? ரெண்டு அச்சுக்கு நடுவுல நாலு டீ குடிக்கிற ஆளு."

சரக்கு ரயில் போய் முடியும்வரை சிரித்தாள். நீளமான ரயில். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். எது கீழே விழுந்தாலும் அன்றைக்கே போனில் சொல்லிவிட வேண்டும். மறைத்தது தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள், பல்லும் வேண்டாம் சொல்லும் வேண்டாம். நான் ஒப்புக்கொண்டேன். நாற்பதைத் தாண்டி ஒருத்திக்கு முதன்முறையாக ஒரு கதவு திறக்கிறது. அதை அவள் திரும்பி வந்து மூடும்படி ஆக்கிவிடக்கூடாது. அந்த மூன்று மாதமும் என் ஒரே கவலை இதுதான். பொம்மைகள் அதற்குப் பிறகு.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை அதிகாலை பஸ்ஸில் அவள் போனாள். முதல் நாளே நான் என் திறமையைக் காட்டினேன். அன்று தண்ணீர் வரும் நாள். அடுப்பில் உலை. மகளின் சைக்கிள் பஞ்சர். எனக்கு ஒரு யோசனை தோன்றியது, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. விட்டு விட்டு ஊற்றுவதால்தானே ஷெட்டைவிட்டு நகர முடிவதில்லை? எல்லா அச்சிலும் மளமளவென்று ஒரே மூச்சில் ஊற்றிவிட்டால் நடுவில் ஒரு பெரிய இடைவெளி கிடைக்கும், அதில் எல்லா வேலையையும் முடித்துவிடலாம். குருவியில் தொடங்கி யானையில் முடித்தேன். கையைக் கழுவிக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது எல்லா அச்சும் ஒன்றாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அதைச் சத்தமில்லாத ஒரு கூச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு இருப்பதோ இரண்டு கை. ஒன்றை எடுத்துக் கவிழ்ப்பதற்குள் அடுத்தது இறுகியது. குருவிகள் முழுக்க மண்கட்டியாகி, வடிப்பதற்கு உள்ளே ஒன்றுமே இல்லை. பிள்ளையார்களில் சிலருக்கு மட்டும் சரியான தோல். யானைகளைப் பதற்றத்தில் முந்திக் கவிழ்த்துவிட்டேன். அச்சைத் திறந்ததும் அவை முழங்காலிட்டு உட்கார்ந்தன, தும்பிக்கையை மடியில் வைத்துக்கொண்டு.

பக்கத்து ஷெட்டில் ஒரு அக்கா வார்க்கிறார். என் மனைவியைவிட மூத்தவர், நாக்கில் உப்பு அதிகம். எங்கள் இரண்டு ஷெட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அவர் அதன்மேல் கையை ஊன்றி என் யானைகளைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பந்தியில எல்லாருக்கும் ஒரே நேரத்துல ரசம் ஊத்தணும்னு நெனச்சியா?"

அன்று மாலையே போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில், ஹாஸ்டல் முழுக்கக் கேட்டிருக்கும், அப்படி ஒரு சிரிப்பு. யானையை ஏன் கடைசியில் ஊற்றினீர்கள் என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. போனை வைத்தபோது எனக்குக் காய்ச்சல் விட்டது மாதிரி இருந்தது. உட்கார்ந்த யானைகளைக் கரைத்து மறுபடியும் பாலாக்கிக்கொள்ளலாம். பச்சை மண்ணில் இருக்கிற பெரிய கருணை அது, சுடுகிறவரைக்கும் எதுவும் முடிந்துபோவதில்லை.

அன்றைக்குத்தான் அந்தச் சொல் எனக்குக் கை வழியாக விளங்கியது. எல்லாவற்றையும் ஒன்றாக மேலே எறிந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் கீழே வரும். முந்தினது இறங்குகிற கணத்தில் பிந்தினது ஏற வேண்டும். இடைவெளி என்பது வேலை இல்லாத நேரம் அல்ல. மனைவி அதை யானைக்கும் குருவிக்கும் நடுவில் அச்சில் வார்க்கிறமாதிரி வார்த்து எடுத்திருக்கிறாள். இத்தனை வருடம் என் கவிதைகளையெல்லாம் அவள் செய்து கொடுத்த இடைவெளிகளில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறேன்.

மெல்ல மெல்லப் பழகினேன். ஆனாலும் ஷெட்டையும் வீட்டையும் ஒரே ஆள் வைத்து நடத்துவதில் எங்கேயோ ஒரு கணக்கு இடித்தது. மகளைப் பள்ளியில் கூப்பிட்டால் பிள்ளையாரை யார் வடிப்பது? மனைவி அதையும்தானே செய்தாள்? அவளிடம் கேட்க ரோஷம். சனிக்கிழமைதோறும் பாண்டியிலிருந்து வந்து போகிறவளிடம் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று காட்டிக்கொள்ளத்தான் ஆசை. கடைசியில் பக்கத்து ஷெட்டு அக்காதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் வடிக்கிற நேரத்தில் மகளின் டியூஷனிலிருந்து போன் வந்து, நான் ஷெட்டுக்குள்ளேயே இங்கும் அங்குமாக நடந்துகொண்டிருந்தேன். அவர் தன் தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து, நடுச்சுவரின்மேல், எங்கள் பக்கம் தொங்கும்படி போட்டார். போ என்றார்.

அந்தச் சுவரில் ஈரத்துணி தொங்குவதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். காயப்போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அது இந்த வரிசையில் வார்க்கிற பெண்களுக்குள் இருக்கிற வழக்கம். ஊற்றிவிட்டேன், வெளியே போகிறேன், என்னுடையதையும் பார்த்துக்கொள் என்று அர்த்தம். துணி எந்தப் பக்கம் தொங்குகிறதோ அந்தப் பக்கத்து அச்சுகளை மறுபக்கத்து ஆள் வடித்து வைப்பார். இதற்கு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, திரும்பி வந்து நன்றி சொல்லவும் வேண்டியதில்லை. நான் விவரம் தெரியாமல் ஒரு தடவை சொல்லிவிட்டேன். அக்கா ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் பார்த்தார்.

"தேங்க்ஸா? துணிய எடுத்துக் குடு, மூஞ்சி தொடைக்கணும்."

ஆயுதபூஜைக்கு முந்தின நாள், பாலக்கரைப் பக்கம் பூசணிக்காய் லாரி நின்றிருந்தது. மேலே நிற்கிறவர் ஒவ்வொன்றாக எறிய, கீழே நிற்கிறவர் பிடித்துக் குவித்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பூசணி கனமான காய், தவறினால் உடைந்து தெருவெல்லாம் விதையாகிவிடும். வெகுநேரம் நின்று பார்த்தேன், கையில் டீ ஆறிப்போனது. பிடிக்கிறவர் காயைப் பார்க்கவே இல்லை. எறிகிறவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நின்றவரும் கீழே இருக்கிற கை காலியான பிறகுதான் அடுத்ததைத் தூக்கினார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நானோ, சமாளிப்பது தனி ஆளின் வித்தை என்று, மேடையில் ஒருவர் கூட்டத்தில் எல்லோரும் என்கிற மாதிரி, நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் அப்படி யாருமே கிடையாது. பால்காரர் எங்கள் பாலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார். எதிர்வீட்டம்மா மகளுக்குத் தலை பின்னிவிடுகிறார், பின்னும்போது பேன் பார்த்துத் திட்டவும் செய்கிறார். டீக்கடைக்காரர், நான் ஷெட்டைவிட்டு வர முடியாது என்று தெரிந்து, போகிற வருகிறவர் கையில் பார்சல் டீ அனுப்புகிறார். என்னுடையது எத்தனை பேர் கையில் இருந்துவிட்டு என்னிடம் வருகிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்த்துப்போகிறது.

ஐப்பசி பிறந்தது. அடைமழை. மழைக்காலத்தில் அச்சு சோம்பேறி ஆகிவிடும், தண்ணீரைக் குடிக்கவே குடிக்காது. பெரிய குண்டு பல்புகளை எரியவிட்டு அச்சுகளைச் சுற்றி அடுக்கினேன். கார்த்திகை விளக்குக்கு ஒரு ஆர்டர் இருந்தது, பொதுச்சூளையில் எங்களுக்கு ஒரு வண்டி ஒதுக்கியிருந்தார்கள். சாமான் அடுக்கிய வண்டி தண்டவாளத்தில் மெதுவாகச் சூளைக்குள் போகும். நம் முறை தவறினால் அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த வாரத்தில்தான் பாண்டியில் மனைவிக்குத் தேர்வு. வியாழக்கிழமை காலை. புதன்கிழமை எங்கள் வண்டி.

செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல். மாத்திரைக்கு இறங்கிய மாதிரி இருந்தது, இறங்குகிறது என்று அன்றைய போனில் சொன்னேன். புதன்கிழமை காலையில் அவள் ஷெட்டுக்கு வந்து மூலையில் சாக்கின்மேல் படுத்தாள். வண்டிக்கான விளக்குகள் காய்ந்து பலகையில் காத்திருந்தன, நான் அடுத்த முறைக்கான பிள்ளையார்களை ஊற்றிக்கொண்டிருந்தேன். நெற்றியைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. கண் சிவந்திருந்தது. சுவரில் துணியைப் போட்டேன். ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா ஏற்கனவே சுவரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, பயப்படும்படி இல்லை, ஆனாலும் இரண்டு நாள் படுக்கையில் இருக்கட்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கையில் ஊசி ஏற்றி பாட்டில் மாட்டினார்கள். சூளைக்காரருக்குப் போன் செய்தேன். நான் இழுத்து இழுத்து ஆரம்பிப்பதற்குள், உன் பக்கத்து ஷெட்டுக்காரம்மா வந்து சொல்லிட்டாங்க, அவங்க வண்டிய முன்னாடி விட்டு உன்னுத பின்னாடி தள்ளியிருக்குது, சாமான அவங்களே அடுக்குறேன்னாங்க, நீ பிள்ளைய பாரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு வார்டுக்கு வெளியே, ஜன்னலோரமாகப் போய் நின்றேன். வெளியே மழை. மனைவிக்குச் சொல்ல வேண்டும். ஒரு நாள்தான், தேர்வு முடிகிறவரை சொல்லாமல் விடலாம். அப்படி நினைக்கவில்லை என்றால் பொய். ஆனால் அவள் ரயில்வே கேட்டில் நின்று கேட்டது இது ஒன்றுதான். சொன்னால் கிளம்பிவிடுவாள். வந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்னது சொன்னபடி, எதையும் கூட்டாமல் குறைக்காமல்.

இப்போதே பஸ் ஏறுகிறேன் என்றாள். ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. பை. நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"என்னங்க. இப்ப உங்க கையில என்ன இருக்குது?"

நான் குனிந்து பார்த்தேன். அதுவரை எனக்கே தெரியாது.

"பிள்ளையோட செருப்பு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

செருப்பை வெளியே விட்டால் தொலைந்துபோகும் என்று நர்ஸ் சொன்னதால் எடுத்துக்கொண்டது. ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு, மழைச்சேறு ஒட்டியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரி முழுக்க நடந்திருக்கிறேன். அச்சை யார் வடிக்கிறார்கள் என்று கேட்டாள். அக்கா என்றேன். வண்டி? அதுவும் அக்காதான், அவர் வீட்டுக்காரரும் அடுக்குகிறார். வீட்டில் அடுப்பு? எதிர்வீட்டம்மா அணைத்துப் பூட்டிவிட்டார், கஞ்சி வைத்து அனுப்புகிறேன் என்றிருக்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லச் சொல்ல, அவள் மூச்சு இறங்கி நிதானத்துக்கு வருவது எனக்குக் கேட்டது. ஒரு தாய் கணக்கெடுக்கிறாள். யார் கையில் எது இருக்கிறது, யார் கை காலியாக இருக்கிறது. அந்தக் காலிக் கை என்னுடையதுதான், செருப்பைத் தவிர.

பிள்ளையிடம் கொடுங்கள் என்றாள். போனை மகளின் காதில் வைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"ம்மா. ஊசி போட்டாங்க, நான் அழல. நீ வந்தீன்னா அழுதுடுவேன். பல்ல முடிச்சிட்டு வா."

மறுமுனையில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மகள் ம், ம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். போனைத் திரும்ப வாங்கியபோது, தேர்வு முடிந்ததும் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றாள். ஒவ்வொரு மணிக்கும் என்ன நிலவரம் என்று சொல்ல வேண்டும் என்றாள். சொன்னேன். காய்ச்சல் ஏறியபோதும் சொன்னேன், இறங்கியபோதும் சொன்னேன். அவள் கிளம்பவில்லை. அங்கே உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு அன்று இருந்ததிலேயே பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை விட்டிருந்தது. வார்டு வாசலில் பையோடு வந்து நின்றாள். மகளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல் இல்லை, இட்லி கேட்டுச் சாப்பிட்டிருந்தாள். மனைவி கட்டிலில் உட்கார்ந்து அவள் கழுத்தை, நெற்றியை, உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தாள். மகள் சொன்னபடியே செய்தாள். அம்மாவைப் பார்த்ததும் அழுதாள், நன்றாக, வஞ்சனை இல்லாமல். தேர்வு என்னாயிற்று என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மனைவியே, மகளின் தலையைக் கோதிக்கொண்டு, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். முதல் பல் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. இன்னொன்று செய்ய விட்டார்கள். அது நின்றது. தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவள் காலை ஒன்பது மணிக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பல் டாக்டரின் மாடி லேபுக்குப் போகிறாள். ஷெட்டில் நான் வார்க்கிறேன். யானை முதலில். கவிதை குறைந்துவிட்டது. வருகிற கொஞ்சமும் அவசரமாக, ஓரங்களில் ஈரம் காயாமல் வருகிறது, அது அதற்கு நல்லதுதான் என்று படுகிறது. அவள் செய்கிற பற்கள் யாருக்குப் போகின்றன என்று டாக்டர் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதனால் எனக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. டீக்கடையில், வேப்பூர் பஸ்ஸில், கோயில் தேரடியில், யாராவது வாய்விட்டுச் சிரித்தால் நான் உற்றுப் பார்த்துவிடுகிறேன். அந்த வரிசையில் எது அவளுடையது என்று கண்டுபிடிக்க முடிவதே இல்லை. நேற்று ஒரு ஆட்டோக்காரர், என்ன சார் அப்படிப் பாக்கிறீங்க என்று கேட்டார். ஒன்றும் இல்லை, சிரிங்க என்றேன். அவரும் சிரித்தார்.